வானியல் மன்றத்துக்கு நிதி கேட்டு எழுதணும், எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாம் ஆண்டு இ.சி.இ., நாமக்கல் மாவட்டம்:

வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். இந்த வருடம் எங்கள் வானியல் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். மன்றத்தில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். கையில் இருப்பது 70 மி.மீ. தொலைநோக்கி ஒன்று. அதன் முக்காலியில் ஒரு காலின் பூட்டு பிடிக்காது, செங்கல் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துகிறோம்.

2025 செப்டம்பர் 7 அன்று முழுச் சந்திர கிரகணம் வந்ததல்லவா, அன்று இரவு அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போனோம். முப்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்தோம். பதினொரு மணிக்கு நிலா முழுசாகச் சிவந்தபோது வரிசை தார் ரோடு வரைக்கும் நின்றது. டீக்கடை அண்ணன் பன்னிரண்டரை வரை கடை அடைக்கவில்லை. கிரகண நேரத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று காட்டச் சுண்டல் அவித்துக் கொண்டுபோயிருந்தோம். முதல் அரைமணி நேரம் யாரும் தொடவில்லை, அப்புறம் சட்டி காலி.

கல்லூரி வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் தருகிறது. பேனர், சால்வை, சிறப்பு விருந்தினருக்குக் கார் என்று தொடக்க விழாவோடு அது முடிந்துவிடுகிறது. சுண்டலுக்கு ஆன 640 ரூபாய் நாங்கள் போட்டுக்கொண்டது.

வெளியில் நிதி கேட்கலாமா என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். எனக்கு இதுவரை லீவ் லெட்டர் தவிர எதுவும் எழுதிப் பழக்கமில்லை. யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது, எப்படி எழுதுவது? ஆடியின் விட்டம் எட்டங்குலம் உள்ள ஒரு தொலைநோக்கி வாங்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

பழைய மாணவன், கோவை:

தம்பி, முதலில் ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஸ்பைசஸ் திட்டத்தைப் பாருங்கள். மாணவர் மன்றங்களுக்கென்றே உள்ள திட்டம் அது. ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருவார்கள். மாணவர்கள் நேராகப் போட முடியாது, கல்லூரியின் ஏ.ஐ.சி.டி.இ. லாகின் வழியாகத்தான் போகும். அதனால் அந்த லாகின் யார் கையில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். என் காலத்தில் அதைக் கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆனது.

இன்னொரு வழியும் உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியம் வளர்ச்சிப் பணிக்கென 2011-ல் கேப் டவுனில் ஓர் அலுவலகம் திறந்தது. வானியலை மக்களிடம் கொண்டுபோகும் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் கேட்கிறார்கள். அதையும் பாருங்கள்.

இயற்பியல் துறை, கரூர்:

தம்பி, செங்கல் முட்டுக் கொடுத்த தொலைநோக்கியோடு ஊரையே வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். மனசு நிறைந்துவிட்டது. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன், வானியல் மன்றத்தைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். இரண்டு முறை நிதிக்கு எழுதினேன். முதல் முறை வரவில்லை, இரண்டாம் முறை வந்தது. முதல் முறை என்ன தப்பு செய்தேன் என்பது உங்களுக்கு அவசியம் தெரியணும், ஏனென்றால் நீங்களும் அதே வாசலில்தான் நிற்கிறீர்கள்.

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம் எங்கள் ஊர் வழியாகவே போனது. கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி எல்லாம் அந்தப் பாதையில் இருந்தன. காலை ஒன்பதரை மணிக்குக் கல்லூரி மைதானத்தில் மோதிரம் மாதிரி சூரியனைப் பார்த்த பிள்ளைகள் அன்று மாலையே மன்றம் வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார்கள். அந்த வேகத்தில் நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஒரு லட்சம் கேட்டேன். அதில் 92,000 ஒரே ஒரு பெரிய தொலைநோக்கிக்கு. மிச்சம் 8,000 "இதர செலவுகள்". தேறவில்லை. வேறு கல்லூரியில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய ஒரு மூத்த பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பட்ஜெட் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அம்மா, இது மன்றத்துக்குக் கேட்கிற பணம் மாதிரி இல்லை, லேபுக்குக் கேட்கிற பணம் மாதிரி இருக்கு" என்றார்.

அதற்கப்புறம்தான் எங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். கிரகணம் பகலில் வந்தது, பெண் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நடத்திய ஐந்து இரவு நிகழ்ச்சிகளில் அதிகபட்சம் நாலு பேர். அந்த நாலு பேரும் ஹாஸ்டல். வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு, சனிக் கோள் நன்றாக மேலே வருகிற நேரமோ ஒன்பதரை. ஆர்வம் குறைந்துவிட்டது என்று அதுவரை நான் பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை பஸ்ஸில் இருந்தது.

இரண்டாம் முறை பட்ஜெட்டை அங்கிருந்து தொடங்கினேன். முதல் வரி வேன். பன்னிரண்டு இரவுகள், ஒவ்வொரு இரவும் இரண்டு வழித்தடம், பெண் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வர வாடகை. கூடவே ஒரு பெண் ஆசிரியர் இருப்பார் என்று ஒரு வரி, பெற்றோர் சம்மதக் கடிதத்தின் மாதிரி இணைப்பில். மொத்தத்தில் 34,000 அதற்கே போனது. செயலாளராக இருந்த பையன் முகம் வாடிவிட்டது, "மேடம், அந்தக் காசுக்குத் தொலைநோக்கிக் கண்ணாடி வாங்கலாமே" என்றான். வேன் வந்த முதல் இரவு பத்தொன்பது பெண்கள் வந்தார்கள். அடுத்த வருடச் செயலாளர் அவர்களில் ஒருத்தி.

தொலைநோக்கியை விடவில்லை. ஆறங்குல ஆடியும் துணை ஆடியும் கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் இரண்டும் மட்டும் வெளியில் வாங்கினோம். தொலைநோக்கியை வைத்துச் சுழற்றுகிற எளிய பெட்டி மாதிரியான டாப்சோனியன் தாங்கியை மெக்கானிக்கல் வொர்க்ஷாப்பில் பிள்ளைகளே பிளைவுட்டில் செய்தார்கள். அடிப்பலகையில் சன்மைக்கா ஒட்டி, டெஃப்லான் துண்டு மூன்று வைத்தால் விரலால் தள்ளினாலே சுழலும். இந்த வேலையே மூன்று நிகழ்ச்சிகளாக விண்ணப்பத்தில் போனது. பொருளும் கிடைத்தது, பயிற்சியும் ஆனது. நீங்களும் எட்டங்குலத்தை முழுசாக வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள். உபகரணத்துக்கு எவ்வளவு போடலாம் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் வரி வரியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மழை. நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அனுமதி ஆணை கைக்கு வர எங்களுக்குச் செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. நல்லவேளை, முதல் மூன்று மாதத்தைத் தாங்கி செய்யவும் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதவும் ஒதுக்கியிருந்தேன். ஜனவரியில் வானம் திறந்ததும் வெளியே போனோம். உங்கள் கால அட்டவணையில் மேகத்துக்கும் இடம் விடுங்கள். இந்தக் கல்லூரி உண்மையிலேயே வானம் பார்க்கிற கல்லூரிதான் என்று படிக்கிறவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

கணக்குப் பிரிவு, 28 வருட சர்வீஸ்:

மேடம் சொன்னதெல்லாம் பணம் வருவதற்கு. வந்தபிறகு நடப்பதை நான் சொல்கிறேன். பணம் வாங்கி நல்லபடியாகச் செலவும் பண்ணிவிட்டு, கணக்கு முடிக்கத் தெரியாமல் அடுத்த தவணையை இழந்த மன்றங்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

அரசுப் பணம் கல்லூரிக் கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கு பி.எஃப்.எம்.எஸ்.ஸில், அதாவது மத்திய அரசு தரும் பணத்தைக் கண்காணிக்கும் இணையத் தளத்தில், பதிவாகி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். செயலாளர் பையனின் கூகுள் பே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது, போகவும் கூடாது. மன்றத்துக்குத் தனி லெட்ஜர் போடச் சொல்லுங்கள்.

செலவு முடிந்தபின் பயன்பாட்டுச் சான்றிதழ், நாங்கள் யு.சி. என்போம், பொது நிதி விதிகளில் 12-ஏ படிவத்தில் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் என்பது 2017 விதி. திட்டத்தின் ஆணையில் அதற்கு முன்னாலேயே தேதி போட்டிருந்தால் அந்தத் தேதிதான். பணம் வங்கியில் கிடந்த நாளுக்கு வட்டி வந்திருந்தால் அது உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, பிறகு எண்பது ரூபாய் வட்டிக்காக ஆறு மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பில் விஷயம். வேன்காரர் வெள்ளைத்தாளில் எழுதித் தருவார். வண்டி எண், போன இடம், தேதி, கையெழுத்து எல்லாம் வாங்குங்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. சுண்டல் மாதிரி செலவுக்கு மளிகைக் கடை பில் இருந்தாலே போதும். அவிக்கச் சமையல் கேஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 640 ரூபாயை நீங்களே சுமக்காதீர்கள்.

கோவைத் தம்பி சொன்ன வெளிநாட்டு நிதி பற்றி ஒரு வார்த்தை. 2010 வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை பதிவு பெற்றிருந்தால் மட்டும் அதை நினையுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் பேங்கின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர முடியும். பதிவு உள்ள வேறு அமைப்பு வாங்கி உங்களுக்குக் கொடுப்பதும் கூடாது. ஆசைப்பட்டு மாணவர் யாராவது தன் கணக்கில் வாங்கிவிட்டால் சிக்கல் அந்தப் பிள்ளைக்குத்தான்.

மூன்றாம் ஆண்டு இ.சி.இ., நாமக்கல் மாவட்டம்:

மேடம், ஐயா, அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், பி.எஃப்.எம்.எஸ். பதிவு இருக்கிறது. எங்கள் வருகைப் பதிவேட்டையும் பார்த்தேன். கிரகணத்தன்று மன்றத்திலிருந்து பதினெட்டு பேர் வந்திருக்கிறோம். அதில் பெண்கள் இரண்டு பேர். மன்றத்தில் மொத்தம் பெண்கள் பதினாறு பேர். நான் இதைக் கவனிக்கவே இல்லை மேடம்.

நோக்கம் என்ற பகுதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்திய அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு வலியுறுத்தும் அறிவியல் மனப்பான்மையை மாணவர்களிடையேயும் கிராமப்புற மக்களிடையேயும் வளர்த்து, வானியல் விழிப்புணர்வை ஏற்படுத்துவதே எங்கள் மன்றத்தின் தலையாய நோக்கமாகும்." சரியா?

இயற்பியல் துறை, கரூர்:

தப்பில்லை. ஆனால் உங்கள் கல்லூரிப் பெயரை எடுத்துவிட்டு என் கல்லூரிப் பெயரைப் போட்டாலும் இது அப்படியே பொருந்தும். என் முதல் விண்ணப்பமும் ஏறக்குறைய இதே வரியில்தான் தொடங்கியது. 51-ஏ வேண்டுமானால் இரண்டாம் பத்தியில் இருக்கட்டும்.

முதல் பத்தியில் செப்டம்பர் 7 இரவை எழுதுங்கள். எந்த ஊர்ப் பள்ளி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏறக்குறைய எத்தனை பேர் பார்த்தார்கள், சுண்டல் எப்போது காலியானது. அடுத்த வரியில், "எங்கள் மன்றத்தின் பதினாறு மாணவிகளில் இரண்டு பேர் மட்டுமே அன்று வர முடிந்தது" என்று அப்படியே போடுங்கள். மறைக்காதீர்கள். அந்த வரிக்குப் பதில்தான் உங்கள் பட்ஜெட்டின் முதல் வரி.

ஆனால் வேன்தான் காரணம் என்று நான் சொன்னதை வைத்து எழுதிவிடாதீர்கள். மீதிப் பதினான்கு பேரையும் நாளைக்கு உட்கார வைத்துக் கேளுங்கள். உங்கள் ஊரில் காரணம் வேறாக இருக்கலாம். ஹாஸ்டல் கேட் மூடுகிற நேரமாக இருந்தால் அதற்குப் பணம் வேண்டாம், முதல்வர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள், பட்ஜெட்டைச் சேர்ந்து போடுவோம். முக்காலிப் பூட்டுக்கு நிதி எதற்கு, வொர்க்ஷாப்பில் ஒரு எம்-6 போல்ட்டும் விங் நட்டும் கேட்டுப் பாருங்கள்.