ரேடியோ டிபார்ட்மென்ட் ஆல்பத்தில் கோபம் எங்கே இருக்கிறது?

சத்துவாச்சாரி_காது:
ட்ரீம் பாப், அதாவது கனவு மாதிரி மிதக்கிற மென்மையான பாப் இசை, கேட்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சுவீடனின் ரேடியோ டிபார்ட்மென்ட் இசைக்குழு 2016-ல் வெளியிட்ட 'ரன்னிங் அவுட் ஆஃப் லவ்' ஆல்பத்தை இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். விமர்சகர்கள் பலரும் கோபமான அரசியல் ஆல்பம் என்று பாராட்டியிருக்கிறார்கள், ஆனால் என் காதில் விழுவது சின்தசைசரும் முணுமுணுக்கிற குரலும்தான். நம்ம ஊரில் அரசியல் பாட்டு என்றால் பறை அதிரணும், மண்டித் தெருவில் பாடினால் கோட்டை வாசல் வரை கேட்கணும். இதை எப்படிக் கேட்பது?

காட்பாடி_ஜங்ஷன்:
தம்பி, வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'ஸ்வீடிஷ் கன்ஸ்' பாட்டை மறுபடி கேளுங்கள். சமாதானம் பேசிக்கொண்டே ஆயுதம் ஏற்றுமதி செய்கிற தங்கள் நாட்டைத்தான் பிடித்து உலுக்குகிறார்கள், அதுவும் சரக்கு விற்கிறவனின் இனிமையான குரலில். கத்தியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது. நமக்கா இது புரியாது? 1986-ல் இந்தியா 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்ட போஃபர்ஸ் அந்த நாட்டுக் கம்பெனிதான், மறு வருஷம் லஞ்ச விவகாரத்தை வெளியே கொண்டுவந்ததும் சுவீடன் வானொலிதான். 1989 தேர்தலில் எங்கள் தெருச் சுவரில் பீரங்கி வரைந்திருந்தார்கள், அந்த ஞாபகத்தோடுதான் நான் இந்தப் பாட்டைக் கேட்கிறேன்.

பாகாயம்_பி_சைடு:
வரியைப் படித்தால்தான் அரசியல் தெரியும் என்றால் அது துண்டறிக்கை, பாட்டு இல்லை. நான் படித்த விமர்சனங்களில் சுவீடன் அரசியலுக்குப் பத்தி பத்தியாக இடம், இசைக்கு ரெண்டு வரி. 2010-ல் வந்த இவர்களின் 'கிளிங்கிங் டு எ ஸ்கீம்' ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டார் எவ்வளவு பின்னால் போய்விட்டது, நடன தாளம் எப்படி முன்னால் வந்து நிற்கிறது! இதில் 'ஆக்குபைட்' பாட்டு ஏழு நிமிடம் விடாமல் ஓடுகிறது. அந்தப் பிடிவாதத்தில்தான் எனக்குக் கோபம் கேட்கிறது.

காட்பாடி_ஜங்ஷன்:
இசை பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரியை ஒதுக்கிவிட முடியாது. தீவிர வலதுசாரிகளான சுவீடன் ஜனநாயகக் கட்சி 2010-ல் 5.7 சதவீதத்தோடு முதல்முறை நாடாளுமன்றத்துக்குள் வந்தது, 2014-ல் அதுவே 12.9 ஆனது. அந்த வருஷமே ரேடியோ டிபார்ட்மென்ட் 'டெத் டு ஃபாசிசம்', அதாவது ஃபாசிசத்துக்குச் சாவு, என்ற பாட்டைப் போட்டார்கள். இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஸ்லோபோடா நரோடு' என்பதும் ஃபாசிசத்தை எதிர்த்த யூகோஸ்லாவியப் போராளிகளின் முழக்கத்தில் பாதி, மக்களுக்கு விடுதலை என்று அர்த்தம்.

சத்துவாச்சாரி_காது:
அண்ணா, முழக்கம் என்று தெரியாமலே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று ராத்திரி 2014 பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்கிறேன், ஹெட்போனில்.