மசேபா, அசேரா: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைய மேற்காசிய வரலாற்றுக் கையேடு ஒன்றுக்குச் சொல்லடைவு தொகுத்து வருகிறேன். கல்லூரி மாணவர்களுக்கானது, சமயநூல் அல்ல. இஸ்ரயேலரின் வழிபாட்டுப் பொருள்கள் என்ற பகுதியில் பலவற்றுக்குச் சிக்கல் வரவில்லை. உடன்படிக்கைப் பெட்டியைப் 'பேழை' என்று எழுதவில்லை. நோவாவின் பேழைக்கு எபிரேயத்தில் 'தேவா', இதற்கு 'ஆரோன்'. மூலத்தில் இரண்டும் வேறு சொற்களாக இருக்கும்போது நாம் ஒன்றாக்க வேண்டாம். மெனோராவைக் குத்துவிளக்கு என்றால் நம் வீட்டுக் குத்துவிளக்குதான் கண்முன் நிற்கும், ஆகவே 'எழுகிளை விளக்குத்தண்டு'. குருவின் மேலாடையான ஏபோத்து, கடவுளின் முடிவை அறியக் குருக்கள் கையாண்ட ஊரீம், தும்மீம் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

தடுக்கி நிற்பது இரண்டில். ஒன்று மசேபா: உருவம் செதுக்காமல், வழிபாட்டுக்கோ நினைவுக்கோ நிமிர்த்தி வைக்கும் கல். மற்றது அசேரா: பலிபீடத்தருகே நின்ற மரத்தாலான ஒன்று. இதே பெயரில் ஒரு பெண்தெய்வமும் உண்டு. பழைய தமிழ் வேதாகமம் முன்னதைச் 'சிலை' என்றும் பின்னதை 'விக்கிரகத்தோப்பு' என்றும் சொல்கிறது. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. உங்கள் கருத்து?

மடல் 2

நடுகல் என்று கைவசம் ஒரு சொல் இருக்க வேறெதற்கு அலைய வேண்டும்? நட்டார்கள், கல், வழிபட்டார்கள். முடிந்தது கதை. புதுச்சொல் ஆக்குவதில் நம் குழுமத்துக்கு இருக்கும் ஆசை, பழைய சொல்லைப் பயன்படுத்துவதில் இல்லை.

மடல் 3

நடுகல் வேண்டாம் ஐயா, மாணவர்கள் உடனே வீரனைத் தேடுவார்கள். தொல்லியலார் புழங்கும் 'நெடுங்கல்' அல்லது ஊர்வழக்கான 'குத்துக்கல்' போதும்.

ஆனால் நான் எழுத வந்தது அசேராவுக்காக. சங்க இலக்கியத்தில் 'கந்து' இருக்கிறதே! பட்டினப்பாலையில் 'கந்துடைப் பொதியில்', திருமுருகாற்றுப்படையில் 'கந்துடை நிலை'. தெய்வம் உறையும் மரத்தூண். இதைவிடப் பொருத்தம் எந்த மொழிக்குக் கிடைக்கும்? மணிமேகலையில் தூணில் இருந்து பேசும் கந்திற்பாவைகூட உண்டு.

மடல் 4

இரு ஐயாக்களுக்கும் வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நடுகல் என்று கைவசம் ஒரு சொல் இருக்க

சில இடங்களில் அது அச்சாகப் பொருந்தும், மறுக்கவில்லை. ராகேலின் கல்லறைமேல் யாக்கோபு நிறுத்தியது மசேபாதான். பிள்ளை இல்லாத அப்சலோம் தன் பெயர் நிலைக்கட்டும் என்று உயிரோடு இருக்கும்போதே நிறுத்திக்கொண்டதும் அதுவே. ஆனால் யாக்கோபும் லாபானும் இனி ஒருவர் எல்லையை ஒருவர் தாண்டுவதில்லை என்று சாட்சிக்கு நிறுத்திய கல்லில் செத்தவர் யார்? சீனாய் மலையடியில் மோசே 12 கோத்திரங்களுக்கு 12 கல் நிறுத்தியபோது யாருக்கும் சாவு இல்லை. நடுகல் என்ற சொல்லோடு ஆகோளும் (ஆநிரை கவர்தல்), வீரன் உருவமும், பெயரும் பீடும் எழுதுவதும் சேர்ந்தே வரும். கழற்றி வைக்க முடியாது.

தொகுப்பாளர் 'சிலை' ஒப்பவில்லை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார். அங்கேதான் பெரிய வில்லங்கம். பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பாருங்கள். யாக்கோபு பெத்தேலில் எண்ணெய் வார்த்தது 'தூண்'. மோசே நிறுத்தியவை 'தூண்கள்'. எகிப்தின் எல்லையில் கர்த்தருக்கு ஒன்று எழும் என்று ஏசாயா சொல்வதும் 'தூண்'. சட்டநூலான உபாகமம் 16 நிறுத்தவேண்டாம் என்று தடுப்பதோ 'சிலை'. எசேக்கியா ராஜா தகர்த்ததும் 'சிலைகள்'. எபிரேயத்தில் இத்தனைக்கும் ஒரே சொல், மசேபா. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இதே பிளவு உண்டு. நல்லவர் நிறுத்தினால் தூண், தடைசெய்யப்பட்டால் சிலை! படிக்கிறவனுக்கு இவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்றே தோன்றும். யாக்கோபு செய்த அதே செயலைத்தான் பின்னாளில் சட்டம் தடுக்கிறது என்ற வரலாறு கண்ணுக்கே படாது.

இஸ்ரயேலர் வழிபாட்டு வரலாற்றில் முக்கியமான திருப்பமே இதுதான். கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி ஓசேயா, தண்டனைக் காலத்தில் ராஜா இருக்காது, பலி இருக்காது, மசேபா இருக்காது, ஏபோத்து இருக்காது என்று அடுக்குகிறார். வழக்கமான வழிபாட்டின் உறுப்புகளில் ஒன்றாக அதையும் வைத்துத்தான் பேசுகிறார். அடுத்த நூற்றாண்டில் இஸ்ரயேலரின் தென்னரசான யூதாவின் ராஜா யோசியாவின் சீர்திருத்தம் வருகிறது, எருசலேம் தவிர்த்த இடங்களின் வழிபாடு ஒடுக்கப்படுகிறது, மசேபாக்கள் உடைகின்றன. ஆகவே நமக்கு வேண்டிய சொல் யாக்கோபுக்கும் பொருந்த வேண்டும், யோசியா உடைத்ததற்கும் பொருந்த வேண்டும். தீர்ப்பைச் சொல்லுக்குள் திணிக்கக் கூடாது. 'சிலை' என்றால் பழந்தமிழில் கல்தானே என்று யாராவது வாதாட வருவார்கள். உண்மைதான், ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டுக் கை கால் முகம் இல்லாத வெறுங்கல்லை நினைப்பவர் யார்?

> 'நெடுங்கல்' அல்லது ஊர்வழக்கான 'குத்துக்கல்'

கெசேர் என்னும் பழைய நகரில் தொல்லியலார் மெக்காலிஸ்டர் தோண்டிக் கண்ட வரிசைக்கு நெடுங்கல் தகும். 10 கற்கள், மிக உயர்ந்தது 3 மீட்டருக்கு மேல். ஆனால் அது இஸ்ரயேலருக்கு முந்தைய கானானியர் வேலை. யூதாவுக்கு உரியதைப் பார்க்க வேண்டுமானால் நெகேவ் பாலைவனத்தின் ஆராத் கோட்டைக்குப் போக வேண்டும். 1962 முதல் 1967 வரை யோகனான் அகரோனி தலைமையில் தோண்டினார்கள். கோட்டைக்குள் ஒரு சிறு கோயில். அதன் உள்ளறையில் மழமழவென்று தேய்த்து, தலைப்பக்கம் வளைவாக்கி, சிவப்புச் சாயத்தின் தடம் இன்னும் ஒட்டியிருக்கும் ஒரு கல். உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அறையின் வாசலில் இரண்டு சுண்ணாம்புக்கல் தூபபீடங்கள். இவற்றை யாரும் உடைக்கவில்லை. படுக்க வைத்து, மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். எசேக்கியாவின் சீர்திருத்தமா, படையெடுப்புக்கு அஞ்சிய பூசாரிகளின் முன்யோசனையா என்று ஆய்வாளர்கள் இன்னும் கட்சி கட்டுகிறார்கள். மூடியவர்களின் கையில் மரியாதை இருந்தது என்பது என் எண்ணம். வெறுத்தவன் இப்படிப் படுக்க வைக்கமாட்டான்.

(பேச்சோடு பேச்சாக: அந்தப் பீடங்களில் ஒட்டியிருந்த கரியைச் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். பெரியதில் விலங்குக் கொழுப்போடு சாம்பிராணி வகைப் பிசின், சிறியதில் சாணத்தோடு கஞ்சா. தூபவர்க்கம் என்ற சொல்லை நாம் இனிக் கொஞ்சம் கவனமாகத்தான் கையாள வேண்டும்.)

வடக்கே தாண் நகரின் வாயிலருகே கிடைத்த 5 கற்கள் இன்னும் சிறியவை. இவற்றை நெடுங்கல் என்றால் சிரிப்பார்கள். குத்துக்கல்லோ 'குத்துக்கல்லு மாதிரி உட்காராதே' என்ற வசவை இழுத்து வரும்.

சரி, எது மசேபாவை மசேபா ஆக்குகிறது? உயரமோ செதுக்கோ அல்ல. பெத்தேல் கதையைப் பாருங்கள். இராத்திரி தலைக்கு வைத்துப் படுத்த கல், விடிந்ததும் நிமிர்த்தி எண்ணெய் வார்த்தவுடன் மசேபா ஆகிவிடுகிறது. கல் அதே கல். ஒருவர் அதை நிறுத்தினார் என்பதே வேறுபாடு. எபிரேயச் சொல்லின் வேரும் 'நில்' என்பதுதான். ஆகவே அந்தச் செயல் பெயரில் இருக்க வேண்டும்.

'நிறுத்தற்கல்' என்று முதலில் தோன்றியது. ஆனால் அது தராசுத் தட்டில் போய் உட்காரும். 'நாட்டுகல்' அடிக்கல் நாட்டு விழாவை நினைவூட்டும். 'நட்டகல்' அருமையான சொல், ஆனால் 'நட்ட கல்லும் பேசுமோ' என்று சிவவாக்கியர் கேட்டு வைத்துவிட்டார். அதைத் தொட்டாலே சித்தரின் ஏளனமும் சேர்ந்து வரும். யோசியாவின் தீர்ப்பு வேண்டாம் என்றவன் சிவவாக்கியரின் தீர்ப்பை மட்டும் எப்படி ஏற்பது? எனவே என் முன்மொழிவு: நிறுவுகல். நடுகல் போலவே வினைத்தொகை. சாவு இல்லை, உருவம் இல்லை, உயரம் இல்லை, ஏளனமும் இல்லை.

> 'கந்து' இருக்கிறதே!

ஐயா, படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் தெருவில் போய்க் கந்து என்று சொல்லிப் பாருங்கள். வட்டிதான் கேட்பார்கள். அகராதியில் யானை கட்டும் தறியும் வரும். அதுகூடப் போகட்டும். கந்து தூண் என்று முடிவாகத் தெரியும். அசேரா தூணா, கிளை வெட்டிய மரமா, உயிர்மரமா என்பதே தீரவில்லை. வேதாகமத்தின் வினைகளைக் கவனியுங்கள். உபாகமம் 'நடாதே' என்கிறது. ராஜா ஆகாப் அதைச் 'செய்தான்' என்று ராஜாக்கள் நூல் சொல்கிறது. கிதியோன் வெட்டி, அதன் விறகிலேயே பலியிடுகிறான். தீர்க்கதரிசி மீகா 'பிடுங்குவேன்' என்கிறார். யோசியா ஆலயத்துக்குள் இருந்து வெளியே எடுத்துக் கீதரோனில் எரித்துத் தூளாக்குகிறான்.

தோப்பு எங்கிருந்து வந்தது என்றால், கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சோலை என்று எழுதினார்கள், லத்தீன் அதைத் தொடர்ந்தது, 1611 ஆங்கிலமும் தொடர்ந்தது, நம்மவரும் அந்த வழியிலேயே போனார்கள். விளைவு, 1 ராஜாக்கள் 14-இல் பச்சை மரத்தின் கீழே தோப்பு விக்கிரகம். யோசியாவோ ஆலயத்துக்குள் இருந்து தோப்பைத் தூக்கி வருகிறான்! அங்கே மொழிபெயர்ப்பாளருக்கே உறுத்தியிருக்க வேண்டும், 'விக்கிரகம்' என்று ஒட்டு வைத்துச் சமாளித்திருக்கிறார்.

அண்மைய மொழிபெயர்ப்புகள் 'அசேராக் கம்பம்' என்கின்றன. தோப்புக்கு எவ்வளவோ மேல். ஆனால் கம்பம் என்றதும் உயிர்மரம் என்ற வாய்ப்பு அடிபட்டுப் போகிறது. உபாகமம் 16-இன் எபிரேயத்தில் அசேராவை ஒட்டியே 'ஏத்ஸ்' என்ற சொல் வருகிறது. ஏத்ஸ் என்றால் நிற்கும் மரமும்தான், வெட்டிய மரமும்தான். தமிழில் 'மரம்' அப்படியே இரண்டையும் தாங்குகிறது: வேப்பமரம், மர நாற்காலி. ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. அறிஞர்கள் முடிவு செய்யாததை நாமும் முடிவு செய்யாமல் விட, 'அசேரா மரம்' போதும்.

தெய்வத்தின் பெயரோடு குழம்பாதா என்றால், பிரித்துக் காட்டவே 'மரம்' என்ற ஒட்டு. சினாயின் வடகிழக்கில் குந்திலத் அஜ்ருத் என்னும் இடத்தில் 1975-76-இல் சேயெவ் மெஷெல் கண்டெடுத்த பெருஞ்சாடிகளில் 'சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும்' வாழ்த்தும் வரி இருக்கிறது. காலம் ஏறத்தாழ கி.மு. 800. இஸ்ரயேலரின் கடவுளான யாவேக்கு மனைவி இருந்தாள் என்று செய்தித்தாள்கள் துள்ளின. ஆனால் எபிரேயத்தில் ஆள்பெயரோடு 'அவருடைய' என்ற விகுதி பொதுவாக ஒட்டாது. அதனால் இங்கே பொருளைத்தான், அந்த மரத்தைத்தான், குறிக்கிறது என்பவர் பலர். சிரியாவின் பழைய நகரமான உகரித்தின் களிமண் ஏடுகளில் எல் தெய்வத்தின் துணைவியாக 'அதிரத்' வருகிறாள், அவள் இந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறாள் என்பதையும் தள்ள முடியாது. கையேட்டில் தெய்வம் 'அசேரா', பொருள் 'அசேரா மரம்', சாடி வரியில் மட்டும் ஒட்டுப் போடாமல் விடுங்கள்.

மடல் 5

நிறுவுகல் நன்று. ஆனால் இரண்டு ஐயம்.

1. கணக்குப் பாடத்தில் 'நிறுவுக' என்றால் மெய்ப்பித்துக் காட்டு என்று பொருள். கணினிக்காரர்கள் மென்பொருளை நிறுவுகிறார்கள். மாணவன் குழம்பமாட்டானா?

2. நான் சபையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிலையும் தோப்பும்தான் தெரியும். உங்கள் கையேட்டை அவர்கள் எடுத்தால் எதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? மேலும் ஆத்சோரில் கிடைத்த கருங்கல் ஒன்றில் பிறைநிலாவை நோக்கி உயர்த்திய இரு கைகள் செதுக்கியிருக்கிறதே. உருவம் இல்லாத கல் என்ற விளக்கம் அங்கே உடைகிறது.

மடல் 6

ஆத்சோர்க் கல்லை எடுத்துக் காட்டியதற்கு நன்றி. யீகயேல் யாதின் 1950-களில் தோண்டிய கானானியக் கோயில் அது. அங்கும் கைகள் வணங்குகிறவரின் கைகளாகத்தான் தோன்றுகின்றன, தெய்வத்தின் முகம் இல்லை. என்றாலும் 'உருவம் செதுக்காமல்' என்பதைப் 'பெரும்பாலும்' என்று தளர்த்திவிடலாம். சொல்லில் உருவம் பற்றிய பேச்சே இல்லாததால் சொல்லுக்குப் பங்கம் இல்லை.

நிறுவனம், நிறுவனர் எல்லாம் புழக்கத்தில் இருக்கும்போது கணக்குப் பாடத்துக்கு அஞ்ச வேண்டாம். பின்னால் 'கல்' வந்ததும் பொருள் தெளிந்துவிடும்.

பெரியவர்களுக்காகப் பழைய சொற்களையும் அடைவில் வைத்து வழிகாட்ட வேண்டும் என்பதை முழுதாக ஏற்கிறேன். தொகுப்பாளர் அம்மா, பதிவுகள் இப்படி இருக்கலாமா பாருங்கள்:

நிறுவுகல்: எபிரேய மசேபா. வழிபாடு, உடன்படிக்கைச் சாட்சி, இறந்தோர் நினைவு ஆகியவற்றுக்காக நிமிர்த்தி நிறுத்திய கல், பெரும்பாலும் உருவமற்றது. பழைய வேதாகமத்தில் இடத்துக்கேற்பத் தூண், சிலை.

அசேரா மரம்: பலிபீடத்தருகே நட்ட அல்லது நிறுத்திய மரம், உயிர்மரமா கம்பமா என்பது முடிவாகவில்லை. பழைய வேதாகமத்தில் தோப்பு, விக்கிரகத்தோப்பு, தோப்பு விக்கிரகம். தெய்வத்துக்கு 'அசேரா' பதிவைக் காண்க.

சிலை (வேதாகம வழக்கு): சில இடங்களில் நிறுவுகல், சில இடங்களில் செதுக்கிய உருவம். வசனம் பார்த்துப் பிரித்தறிக.

அடுத்து, வீட்டில் வைத்திருந்த வழிபாட்டு உருவமான 'தேராபீம்' எடுப்போமா? தாவீதின் மனைவி மீகாள் கட்டிலில் வைத்துத் தாவீது படுத்திருப்பதாகக் காட்டியது ஆள் உயரம் இருந்திருக்க வேண்டும், ராகேல் ஒட்டகச் சேணத்துக்கு அடியில் ஒளித்ததோ கைக்கு அடக்கமானது. 'குலதெய்வம்' என்று யாரும் அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம்.