மூன்று விரலுக்கு முப்பதாயிரமா? வேலையிடத்தில் அடிபட்டவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மண்டபத்து அக்கா:

ஜூன் 14-ஆம் தேதியோடு தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டால், எங்கள் ஊர் ஐஸ் கம்பெனிகளில் இரவு பகல் கிடையாது. 2022-இல் அப்படியொரு விடியற்காலையில் என் தம்பியின் வலது கை ஐஸ் அரைக்கும் மெஷினுக்குள் போய்விட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அடியோடு போயின. அப்போது அவனுக்கு வயது 35.

ஒன்பதாம் நாள் முதலாளியிடமிருந்து ஆள் வந்தார். கையில் முப்பதாயிரம் ரூபாய், கூடவே எதுவும் எழுதாத முத்திரைத்தாள். "ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார். இதையும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பிற்பாடு பேச்சு வரக்கூடாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை, எங்கள் அப்பாவோடு கடலுக்குப் போனவர். அதனால்தான் அம்மா பேனாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். "கட்டுப் பிரிக்கட்டும் மாமா, பிறகு பேசலாம்" என்று நான்தான் அனுப்பிவைத்தேன். துணிச்சல் ஒன்றுமில்லை. வலது கை முழுக்கக் கட்டோடு கிடப்பவனிடம் கையெழுத்துக் கேட்கிறாரே என்ற எரிச்சல்.

போட்டிருந்தாலும் அது செல்லாது என்று பிறகு வக்கீல் சொன்னார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி செல்லாது. சரி, ஆனால் செல்லாத தாளைச் செல்லாது என்று காட்ட அலையப்போவது யார்? நாம்தானே.

அந்தக் கம்பெனியில் ஒன்பது பேர்தான் வேலை. இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு கிடையாது. ஆகவே இழப்பீடு முழுக்க முதலாளியின் பொறுப்பு. சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஏலக்கூடத்தில் மீனை ரகம் பிரிப்பதுபோல் விரல்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, ஒரே கையில் மூன்று விரல் போனால் 30. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, அதில் இந்தச் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. தம்பிக்கு மாதம் 12,000 ரூபாய். 7,200-ஐ 197.06-ஆல் பெருக்கி 30 சதவீதம் எடுத்தால் 4,25,649 ரூபாய். முப்பதாயிரம் எங்கே, இது எங்கே!

சம்பளமே அவ்வளவு இல்லை என்று முதலாளி தரப்பு மறுத்தது. பதிவேடு கிடையாது. ஆனால் சனிக்கிழமை தோறும் கூகுள் பேயில் 3,000 ரூபாய் வந்திருந்தது, வங்கிக் கணக்கில் வரிசையாக நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கட்டியதைக் கழிக்கச் சொன்னதும் எடுபடவில்லை. சிகிச்சைச் செலவு வேறு, இழப்பீடு வேறு.

அடுத்து வந்ததுதான் உண்மையில் பயமுறுத்தியது. மெஷின் வாயிலிருந்த பாதுகாப்புக் கம்பியைத் தம்பியே கழற்றிவிட்டான் என்றார்கள். பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதால் அடிபட்டது என்று நிரூபித்துவிட்டால், தம்பிக்கு நேர்ந்தது போன்ற பகுதி ஊனத்துக்கு முதலாளி எதுவும் தர வேண்டியதில்லை. எங்களைக் காப்பாற்றியது ஒரு ஆயுத பூஜைப் படம். விபத்துக்கு எட்டு மாதம் முன்பு உடன் வேலை பார்த்த பையன் எடுத்தது. மெஷினுக்குச் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை. மாலைக்கு நடுவே வாய் பிளந்து தெரிகிறது, கம்பி இல்லை. சூடம் காட்டிக்கொண்டு நிற்பவர் முதலாளியேதான்.

வழக்கு மதுரையில் நடந்தது. 12 சதவீத வட்டியோடு உத்தரவு வந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: 2025 நவம்பர் 21 முதல் இந்த 1923 சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய விபத்தென்றால் புதிய சட்டத்தின் பிரிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

தொண்டிக்காரன்:

அக்கா, நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அப்பா மீன் லாரி ஓட்டுநர். 2019 ஜூனில் கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போனபோது விபத்தில் இறந்தார், வயது 50. கருமாதி அன்று பந்தலில் வைத்தே முதலாளி இரண்டு லட்சம் கொடுத்தார். அழுதுகொண்டேதான் கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இறப்புக்கான இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது இழப்பீடாகவே ஆகாதாம். இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும், அவர்தான் பிரித்துத் தருவார். ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் இது தெரிந்தது. மனுப் போட இரண்டு ஆண்டு கெடு இருந்ததால் பிழைத்தோம். லாரிக்குக் காப்பீடு இருந்தது. சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பு அதிலேயே அடக்கம், காப்பீட்டு நிறுவனம்தான் கட்டியது. முதலில் கேட்டிருந்தால் அந்த மனிதருக்கு இரண்டு லட்சம் மிச்சமாகியிருக்கும்.

அப்பாவின் சம்பளம் 18,000. ஆனால் அப்போது 8,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். இறப்புக்குச் சம்பளத்தில் பாதி, 50 வயதுக்கு 153.09. 6,12,360 ரூபாய் வந்தது. 2020 ஜனவரி 3-ஆம் தேதி உச்சவரம்பை 15,000 ஆக்கினார்கள். ஏழு மாதம் கழித்து நடந்திருந்தால் 11,48,175. இந்தக் கணக்கை ஏன் போட்டுப் பார்த்தேனோ தெரியவில்லை.

கீழக்கரை படகுப் பட்டறை:

எல்லா முதலாளிகளையும் ஒரே வலையில் வாரிப் போடாதீர்கள். என் பட்டறையில் ஏழு பேர். சாரத்திலிருந்து விழுந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. நான்கு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு கொடுத்தேன், ஆஸ்பத்திரி பில் தனி. என் செலவில் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொன்னபோது, "நடிக்கிறேன் என்கிறீர்களா?" என்று அவர் கோபித்துக்கொண்டார். முதலாளி இலவசமாகப் பரிசோதனைக்கு அழைத்தால் தொழிலாளி போயாக வேண்டும், காரணமின்றி மறுத்தால் இழப்பீடு நின்றுபோகும். அதையும் யாராவது எழுதுங்கள். அந்த விபத்துக்குப் பிறகு ஏழு பேருக்கும் பாலிசி எடுத்துவிட்டேன். முன்பே எடுத்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

மண்டபத்து அக்கா:

அண்ணன் சொல்வது சரி. தம்பியும் அவர்கள் சொன்ன மருத்துவரிடம் போனான், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரும் மூன்று விரல் என்றே எழுதிக் கொடுத்தார்.

பணம் வந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். வங்கியில் எடுக்கப் போனால் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று சீட்டைத் திருப்பிவிட்டார்கள். பழைய கையெழுத்து வலது கையால் போட்டதாயிற்றே. கைநாட்டு வைத்துவிடச் சொன்னார் ஒருவர். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன், முடியாது என்று எழுந்து வந்துவிட்டான். மூன்று வாரம் என் மகளின் இரட்டைக்கோடு நோட்டில் இடது கையால் எழுதிப் பழகிவிட்டுத்தான் மறுபடி போனான்.