டிவிடிகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது: முழுசாகவா, சுருக்கியா?

புளியரைக்காரன்:
வீட்டில் முந்நூறு படம், எல்லாம் டிவிடி. பாதி தமிழ், பாதி புனலூரில் வாங்கிய மலையாளம். செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடித்தால் விடாது, உறையைத் திறந்தால் டிஸ்க்கில் பூஞ்சை. எல்லாவற்றையும் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றப் போகிறேன். அப்படியே ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கின் அச்சு அசலான நகல் கோப்பு) எடுக்கவா, சுருக்கவா?

தென்மலைத் தூறல்:
சுருக்குங்கள் அண்ணாச்சி. டிவிடி படம் 720க்கு 576 புள்ளிக்கு மேல் கிடையாது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எச்.264 என்ற சுருக்க முறையைப் போட்டால் ஒரு படம் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும். டிவியில் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? ஐஎஸ்ஓ என்றால் கம்பெனி விளம்பரத்தையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

அச்சன்கோவில்:
கணக்குப் போட்டுப் பேசுங்கள் தம்பி. ஓரடுக்கு டிஸ்க் 4.7 ஜிபி, ஈரடுக்கு 8.5. முந்நூறும் ஈரடுக்கு என்றே வைத்தாலும் 2550 ஜிபிதான். இடம் இருக்கும்போது எதற்குச் சுருக்க வேண்டும்? நம் பழைய டிவிடிகள் பலவற்றில் படம் இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒற்றைப்படை வரியும் இரட்டைப்படை வரியும் தனித்தனியாக மாறி மாறிப் பதிந்து, இருக்கும். ஆள் ஓடினால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதைச் சரிசெய்யாமல் சுருக்கினால் அந்தக் கோடு நிரந்தரம். மலையாள டிவிடியின் ஆங்கில வசன வரியும் எழுத்தாக இல்லை, பட வடிவில் இருக்கும்; சுருக்கும்போது அதைத் தேர்வு செய்ய மறந்தால் வராது. விளம்பரம் வேண்டாமென்றால் மேக்எம்கேவி என்ற மென்பொருள் இருக்கிறது. தரம் குறையாமல் படத்தை மட்டும் எடுக்கும்.

தென்மலைத் தூறல்:
இன்டர்லேஸ் விஷயம் சரி. ஆனால் அந்த ஒரே டிரைவ் படுத்துவிட்டால்? இரண்டாவது நகலுக்கு இன்னொரு 4 டிபி வாங்க வேண்டும், காசு நீங்கள் தருவீர்களா? சுருக்கினால் மொத்தமும் 450 ஜிபி. வீட்டில் கிடக்கும் பழைய டிரைவிலேயே நகல் வைக்கலாம்.

பார்டர் பரோட்டா:
டிவிடியில் நகல் எடுக்க விடாத பூட்டு இருக்குமே, அதைத் திறப்பது சட்டப்படி சரியா?

அச்சன்கோவில்:
பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது. சொந்த டிஸ்க்கை வீட்டில் பார்க்க எடுப்பது வேறு என்பது என் கருத்து. நான் வக்கீல் இல்லை. ஊருக்கு நகல் போட்டுக் கொடுக்காதீர்கள்.

தென்காசி வீடியோ:
நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கடைப் படத்துக்கு இவ்வளவு சண்டையா? கடை டிஸ்க்கில் தகவல் பிளாஸ்டிக்கில் அச்சாக அழுத்தியது. நாங்கள் எழுதித் தந்தது சாயத்தில் பதிந்தது, வெயிலும் ஈரமும் பட்டால் வெளிறும். படம் இன்னொரு இடத்தில் கிடைத்தாலும் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணம் எங்கே கிடைக்கும்? முதலில் அதை ஐஎஸ்ஓ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பூஞ்சை இருந்தால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

புளியரைக்காரன்:
அக்கா கல்யாணம் இரண்டு டிஸ்க். ஒன்று ஏறிவிட்டது. இரண்டாவது, தாலி கட்டும் நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது.

அச்சன்கோவில்:
திரும்பத் திரும்பச் சாதாரணமாக காப்பி பண்ணிப் பார்க்காதீர்கள். லினக்ஸை பென்டிரைவில் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, விட்டதை அப்புறம் முயலும். அப்போதும் நின்றால் வேறு டிவிடி டிரைவில், எதுவரை படித்தது என்று அது குறித்து வைத்த அதே லாக் கோப்போடு தொடருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடும்.

தென்மலைத் தூறல்:
கல்யாணத்துக்கு ஐஎஸ்ஓ, ஒப்புக்கொண்டாச்சு. ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும் படத்துக்கு 8 ஜிபி தர மாட்டேன்.

அச்சன்கோவில்:
ஒருமுறைதான் பார்ப்பீர்கள் என்றால் ஏற்றவே வேண்டாமே தம்பி!