மறு: மறு: அலைன்மென்ட் – ஆசனப் பயிற்சிக்கு என்ன சொல்?

வணக்கம். யோகாசனச் சொற்பட்டியலுக்காக 'அலைன்மென்ட்' (alignment: ஆசனத்தில் மூட்டுகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்து எடையைத் தாங்குகின்றன என்பது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். உங்கள் வரிகளுக்குக் கீழே என் பதில்கள்.

> சீரமைவு என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சாலைச் சீரமைப்பு, பல் சீரமைப்பு என்று கேட்டுப் பழகிய காது இது. கெட்டதைச் செப்பனிடும் வேலை என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆசனத்தில் மூட்டு கெடாமல் இருக்கத்தானே இத்தனை பாடு.

> அப்படியானால் ஒழுங்கமைவு?

என் தயக்கமெல்லாம் இதில்தான். ஒழுங்கு என்றதும் கண்ணாடி முன்னால் போய் நிற்கத் தோன்றும். நாம் பெயர் தேடுவது தோற்றத்துக்கு அல்ல, எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதற்கு.

சதுரங்க தண்டாசனத்தைப் பாருங்கள்: உள்ளங்கையும் கால்விரலும் மட்டும் ஊன்றி, முழங்கையை மடித்து, உடம்பைப் பலகைபோல் தாழ்த்தி நிறுத்தும் நிலை. கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி அப்படியே இறங்கினால், முழங்கை மணிக்கட்டைத் தாண்டிப் பின்னால் போய்விடும். தோளின் முன்பகுதி கீழ்நோக்கி உருண்டு, எடையைத் தான் வாங்கிக்கொள்ளும். இறங்குவதற்கு முன்பே கால்விரல்களால் உடம்பை ஓரிரு அங்குலம் முன்னால் தள்ளினால் முன்கை செங்குத்தாக நிற்கும். தோள் முழங்கை மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. படம் எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். படத்தைப் பார்த்தே பழகியவன் நான். வலது தோள் அதைப் பல மாதம் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

வகுப்பில் என்ன சொல்கிறோம்? "முட்டியைக் கணுக்காலுக்கு நேரா கொண்டு வாங்க." வேர்ச்சொல் அங்கேயே கிடக்கிறது: நேர்.

> வளைந்து நிற்கும் சக்கராசனத்தில் என்ன நேர் இருக்கிறது?

நல்ல கேள்வி. ஆனால் தமிழில் 'நேரான கை' வேறு, 'கணுக்காலுக்கு நேர்' வேறு. முன்னது வளைவின்மை. பின்னதில் ஒரு நான்காம் வேற்றுமை நிற்கிறது: எதற்கு நேர் என்று கேட்க வைக்கிறது. சக்கராசனத்தில் முதுகு வில்லாக வளையட்டும். பாதம் வெளியே திரும்பி, முட்டி அகன்றுபோனால் முதுகின் கீழ்ப்பகுதி நெரிபடும். முட்டி கணுக்காலுக்கு நேர் நின்றால் தொடை வேலை செய்யும். கையை ஊன்றிக் காலைத் தூக்கும் பகாசனத்திலும் முழங்கை மடங்கியே இருக்கிறது. ஆனாலும் எடையின் மையம் விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நேர் மேலே வந்தால்தான் கால் தரையை விடும்.

ஆக, நேரை வைத்து என்ன செய்யலாம்? 'நேர்மை' பழைய பொருளில் பொருந்தும்தான், ஆனால் "உங்கள் முட்டியில் நேர்மை இல்லை" என்று யாரிடம் சொல்வது! 'நேரமைவு' என்றால் கடிகாரம் திருகுவதுபோல் இருக்கிறது. 'நேர்பிடிப்பு' எனக்குப் பிடித்திருந்தது, நூல் பிடிப்பதுபோல. வீட்டில் சொன்னதும், "எங்கே பிடிப்பு, இடுப்பிலா?" என்று கேட்டார்கள். கைவிட்டேன்.

என் முன்மொழிவு: நேர்வைப்பு. பிசகினால் நேர்விலகல். "தோள் நேர்வைப்பைக் கவனி", "இடது முட்டியில் நேர்விலகல்" என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

ஒன்று மட்டும். நேர்வைப்பு எல்லோருக்கும் ஒரே கோணம் அல்ல. இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டின் ஆழமும் திசையும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு காலை முன்னே மடித்து, மற்றதைப் பின்னே நீட்டி நிற்கும் வீரபத்ராசனத்தில் இடுப்பை முழுக்க முன்னால் திருப்பியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் பின்கால் முட்டி முறுக்கிக்கொள்ளும். விளக்கத்தில் கோணத்தை எழுதாமல், எந்த மூட்டு எதற்கு நேர் என்று எழுதுவோம்.

– – –

மறு: மறு: மறு: அலைன்மென்ட் – ஆசனப் பயிற்சிக்கு என்ன சொல்?

ஐயா, இன்று காலை வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். நேர்வைப்பு என்றதும் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். "முட்டியில் நேர்விலகல்" என்றேன், எல்லோரும் குனிந்து தங்கள் முட்டியைப் பார்த்தார்கள். பட்டியலில் நேர்விலகலை முதலில் ஏற்றிவிடலாமா?