மின்தடைக்குப் பிறகு மிக்சர் உயிர் பெறுவதில்லை: பவர் சப்ளையைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

மேடைஒலி:
வணக்கம். கோயில் விழாக்களுக்கும் திருமணங்களுக்கும் மைக்செட் அமைத்துத் தருகிறேன். என்னிடமுள்ள 12 சேனல் மிக்சர் ஓடும்போது எக்குறையும் இன்றி ஓடுகிறது. ஆனால் கரண்ட் நின்று ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் அணைந்துவிட்டால், ஆறிய பிறகு மீண்டும் எழுவதில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. உள்ளே இருப்பது எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் முறைப் பவர் சப்ளை) போர்டு, அதில் +15, −15, +48, +5 என்று அச்சிட்டிருக்கிறது. அதே போர்டு கடைகளில் கிடைக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பொருத்திவிடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். அது சரிவருமா?

பழுதுப்பட்டறை:
ஐயா, மாற்றும் எண்ணத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். ஓடும்போது நன்றாக ஓடி, தொடங்க மட்டும் மறுக்கும் போர்டில் பெரும்பாலும் சில ரூபாய் உதிரிபாகமே கெட்டிருக்கும்.

இவ்வகைப் போர்டுகள் பலவற்றில் சப்ளையைக் கட்டுப்படுத்தும் யூசி3842 அல்லது அதே குடும்பத்து ஐ.சி. இருக்கும். 3842 ஏறக்குறைய 16 வோல்ட் கிடைத்தால்தான் தொடங்கும். தொடங்கியபின் 10 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். அந்த 16 வோல்ட், உயர் மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரு சிறிய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரில் மெல்லச் சேர்கிறது, ஐ.சி. ஓடத் தொடங்கியதும் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று அந்தப் பொறுப்பை ஏற்கிறது. கப்பாசிட்டர் காய்ந்துபோனால், துணைச் சுற்று கைகொடுப்பதற்குள் வோல்டேஜ் சரிந்து ஐ.சி. அணைந்துவிடும், மீண்டும் முயலும், மீண்டும் அணையும். காது வைத்துக் கேட்டால் 'டிக் டிக்' என்ற ஒலிகூடக் கேட்கலாம்.

எட்டுக் கால் ஐ.சி.யின் 5, 7ஆம் கால்களுக்கிடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். 10க்கும் 16க்கும் இடையே ஊசலாடினால் கப்பாசிட்டரையும், 16ஐ எட்டாமல் அசையாது நின்றால் முதலில் அந்த ரெசிஸ்டரையும் சந்தேகிக்கலாம். முடி உலர்த்தும் கருவியால் கப்பாசிட்டரைச் சூடேற்றியதும் போர்டு எழுந்தால் ஐயமே இல்லை.

ஒரு எச்சரிக்கை: 230 வோல்ட் இணைப்பில் முதன்மைக் கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்க அந்த மின்னூட்டத்தை இறக்கும் பழக்கம் வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரால் உறுதிசெய்யுங்கள். வேலை முடிந்ததும் முதல் இணைப்பை 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரியல் போர்டு (மின்சாரம் பல்பைக் கடந்தே செல்லும் இணைப்பு) வழியாகக் கொடுங்கள்.

ஒலிக்கூடம்:
கம்ப்யூட்டர் சப்ளை சரிவராது. அதில் −12 வோல்ட் மிகக் குறைந்த ஆம்பியருக்கே கிடைக்கும், 48 வோல்ட் கிடையவே கிடையாது. அந்த 48 வோல்ட் இல்லாமல் கன்டென்சர் மைக்குகள் இயங்கா. மேலும் 15க்குப் பதில் 12 கொடுத்தால் ஓப்-ஆம்ப்கள் (மிக்சருக்குள் சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.கள்) ஏறத்தாழ 2 டெசிபல் முன்னதாகவே ஒலியைச் சிதைக்கத் தொடங்கும்.

மேடைஒலி:
நன்றி. 7ஆம் காலில் வோல்டேஜ் ஊசலாடுகிறது. சூடேற்றியதும் மிக்சர் எழுந்துவிட்டது. ஆனால் அந்தக் கப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் அளந்தால் மைக்ரோஃபாரட் ஏறக்குறைய சரியாகவே காட்டுகிறதே?

பழுதுப்பட்டறை:
கொள்ளளவு சரியாகத் தெரிந்தாலும் உள்மின்தடை (ஈ.எஸ்.ஆர்.) ஏறியிருக்கும், அதை ஈ.எஸ்.ஆர். மீட்டரே காட்டும். யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதற்குக் குறையாத வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகை. ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்கும் வெளியீட்டுக் கப்பாசிட்டர்களும் அதே வெப்பத்தில்தான் இருந்திருக்கின்றன. போர்டு கழன்றிருக்கும்போதே அவற்றையும் மாற்றுவது நல்லது.

ஒலிக்கூடம்:
எதிர்காலத்தில் போர்டே எரிந்துபோனால், ±15க்கு 7815, 7915 ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும்) ஐ.சி.கள் கொண்ட சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையைத் தனிப்பெட்டியில் கட்டுங்கள். மிக்சருக்குள் வைத்தால் ஹம் (உறுமல் ஒலி) நுழையும். 15-0-15 (நடுமுனையிலிருந்து இருபுறமும் 15 வோல்ட் தரும்) டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள். கிராமங்களில் 190 வோல்ட்டுக்கு இறங்கும்போது ரெகுலேட்டருக்கு வேண்டிய அளவு கிடைக்காமல் ஸ்பீக்கரில் இரைச்சல் எழும். 18-0-18 அதையும் தாங்கும். 48 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் தனித்தனிச் சுற்றுகள் தேவைப்படும்.