ஹயபுசாவா, இசட்எக்ஸ்-10ஆர்-ஆ? நம் ரோட்டுக்கு எது சரிவரும்?

கொங்குரைடர்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோயம்புத்தூர். உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 70 கிலோவுக்குப் பக்கம். சில வருடங்களாக ஒரு 650 சிசி ட்வின் (இரண்டு சிலிண்டர் பைக்) ஓட்டுகிறேன். அடுத்து ஒரு பெரிய பைக் எடுக்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆன்ரோடு 25 லட்சம் வரை போகலாம்.

மனதில் இருப்பவை இரண்டு: சுசுகி ஹயபுசா (புசா), கவாசாகி நின்ஜா இசட்எக்ஸ்-10ஆர் (டென்-ஆர்). பேப்பரில் பார்த்தால் டென்-ஆர் 203 பிஎஸ் (குதிரைத்திறன்), 207 கிலோ. புசா 190 பிஎஸ், 266 கிலோ. எடையும் குறைவு, சக்தியும் கூடுதல் என்றால் டென்-ஆர்தானே சரி என்று தோன்றுகிறது. ஆனால் புசா வைத்திருக்கும் நண்பர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

என் ஓட்டம் இப்படி: வாரத்தில் ஓரிரு நாள் அவினாசி ரோடு வழியாக ஆபீஸ். ஞாயிறு விடியற்காலையில் வால்பாறை அல்லது கோத்தகிரி. எப்போதாவது பெங்களூர், அதற்கு மட்டும் மனைவியும் வருவார். வேகத்தடையில் அடி தட்டுமா, வெயில் காலத்தில் சூடு தாங்குமா, இவ்வளவு சக்தி கைக்கு அடங்குமா என்பதுதான் சந்தேகம். ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஏப்பெக்ஸ்77:
டென்-ஆர் எடுங்க ப்ரோ. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் உங்க ஊரிலேயே இருக்கு. டிராக் டே (சொந்த பைக்கைத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) நடக்கும்போது கொண்டு போங்க, அந்த பைக் எதற்குச் செய்தது என்று முதல் நாலு சுற்றிலேயே புரியும். வருஷத்தில் சில நாளாவது டிராக்குக்குப் போவேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். போகவே மாட்டேன் என்றால் மட்டும் யோசிங்க.

நாலுசிலிண்டர்:
இரண்டு வகையும் நிறைய ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். 203, 190 என்ற எண்களை ஓரமாக வையுங்கள். அந்தச் சக்தி எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வருகிறது என்று பாருங்கள்.

டென்-ஆரின் 203 பிஎஸ் வருவது 13,200 ஆர்பிஎம்மில். அதிகபட்ச டார்க் (முறுக்கு விசை) 114.9 என்எம், அதுவும் 11,400-இல். புசாவின் 1,340 சிசி இன்ஜின் 150 என்எம் டார்க்கை 7,000-இலேயே கொடுத்துவிடும். நெடுஞ்சாலையில் கடைசி கியரில் 100-இல் போகும்போது இந்த மாதிரி பைக்குகளின் இன்ஜின் நாலாயிரம் ஆர்பிஎம்மைச் சுற்றித்தான் ஓடும். அந்த இடத்தில் லேசாகத் திருகினாலே புசா லாரியைத் தாண்டிவிடும். டென்-ஆர் அங்கே சாதாரண பைக் மாதிரிதான் இருக்கும். உயிர் வர வேண்டும் என்றால் இரண்டு மூன்று கியர் இறக்க வேண்டும். அது மோசமான இன்ஜின் என்று சொல்லவே மாட்டேன். பந்தயத் தடத்தில் மேல் ஆர்பிஎம்மிலேயே வைத்து ஓட்டுவதற்காகச் செய்த இன்ஜின் அது. முதல் கியரிலேயே 120-ஐத் தாண்டும் வண்டி. லட்சுமி மில் சிக்னலில் அதற்கு என்ன வேலை?

எடை விஷயத்திலும் பேப்பர் பாதிதான் சொல்லும். 266 கிலோ பெரிய எடைதான், மறுக்கவில்லை. சரிவில் முன்பக்கம் கீழே பார்த்தபடி நிறுத்திவிட்டால் தனியாகப் பின்னால் தள்ளி எடுப்பது சிரமம். ஆனால் புசாவின் சீட் உயரம் 800 மிமீ, டென்-ஆர் 835. உங்கள் உயரத்துக்கு புசாவில் இரண்டு காலும் நன்றாக ஊன்றும். டென்-ஆரில் முன்பாதம்தான் தரையில் இருக்கும். எடை குறைந்த வண்டிதான் என்றாலும், சிக்னலில் மணல் கிடந்து கால் வழுக்கினால் தாங்கிப் பிடிக்க முடியாது.

அப்புறம் உட்காரும் விதம். டென்-ஆரில் கிளிப்-ஆன் (கைப்பிடி) கீழே இருக்கும், ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) மேலே பின்னால் இருக்கும். 120-க்கு மேல் காற்று நெஞ்சைத் தாங்கும், மணிக்கட்டுக்குப் பாரம் குறையும். 40-இல் காற்று எதுவும் தாங்காது, உடம்பின் முழுப் பாரமும் உள்ளங்கையில்தான். அவினாசி ரோட்டில் அரை மணி நேரம் போதும், கட்டைவிரலின் அடிப்பகுதி மரத்துவிடும். புசாவும் ஸ்போர்ட்ஸ் பைக் நிலைதான், ஆனால் கொஞ்சம் இளகியது. மனைவியோடு பெங்களூர் போவதாகச் சொல்கிறீர்கள். டென்-ஆரின் பின்சீட் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஒரு திண்டு, அவ்வளவுதான். அவரைத் தர்மபுரி வரைகூட அதில் உட்கார வைக்காதீர்கள்.

வேகத்தடைக்கு வருகிறேன். புசாவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 125 மிமீ. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்த சூப்பர்பைக்கும் தட்டாமல் போகும். நம் ஊர்களில் அதே உயரத்தை ஒரு மீட்டர் அகலத்துக்குள் கூம்பாகப் போட்டுவிடுகிறார்கள், ஆபத்து அங்கேதான். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் இன்னும் ஏறாத நேரத்தில் நடுவயிறு தட்டும். தட்டுவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பெட்டியும் கீழ் ஃபேரிங்கும் (பைக்கைச் சுற்றிய உறை)தான். தடைக்கு முன்னாலேயே பிரேக்கை விட்டுவிடுங்கள், பிரேக் பிடித்தபடி ஏறினால் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) அமுங்கி இன்னும் தாழும். ரோட்டில் இடமிருந்தால் சாய்வாக ஏறுங்கள், நேராக வேண்டாம். பின்னால் ஆள் இருந்தால் அந்த இடத்தில் இறங்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின் ப்ரீலோடை (சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் இறுக்கம்) கூட்டி வைத்தால் சில மில்லிமீட்டர் கிடைக்கும், அதுவே பல இடங்களில் போதும்.

அட்டகட்டி:
வால்பாறை பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அது என் ரோடு. ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி. நேர் ரோட்டில் எந்த பைக்கும் அழகாகத்தான் இருக்கும். ஊசிக்குள் போய்ப் பாருங்கள்.

மேலே ஏறுகிறீர்கள், வலப்பக்க ஊசி. மேலிருந்து அரசு பஸ் வருகிறது. முழு ரோட்டையும் எடுத்துத்தான் அவர் திருப்ப முடியும், அது அவர் குற்றம் இல்லை. நீங்கள் வளைவின் நடுவிலேயே, சரிவில், ஹேண்டில் ஒடித்த நிலையில் நிற்க வேண்டியிருக்கும். டென்-ஆரில் ஹேண்டில் முழுக்க ஒடித்தால் கட்டைவிரலுக்கும் டேங்குக்கும் நடுவில் இடமே இருக்காது. முதல் கியரே வேகத்துக்காக அமைந்தது என்பதால் மறுபடி கிளம்ப கிளட்சைப் பாதியில் பிடித்து வழுக்கவிட்டே ஆக வேண்டும். அடுத்தடுத்த ஊசிகளில் இதையே செய்தால் கிளட்ச் சூடேறும், இடது முன்கை இறுகிவிடும். புசாவில் ஹில் ஹோல்ட் (சரிவில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி) இருக்கிறது, டார்க்கும் கீழேயே கிடைக்கிறது, அதனால் கிளம்புவது சுலபம். ஆனால் 266 கிலோவைச் சரிவில் சாயாமல் பிடித்து நிற்க வேண்டியது நீங்கள்தான். ஒன்பதாவது ஊசிப் பக்கம் வரையாடு ரோட்டிலேயே நிற்கும். சத்தமான எக்ஸாஸ்ட் மாட்டும் எண்ணம் இருந்தால் அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சொல்லப்போனால் அந்த ரோட்டில் உங்கள் 650-தான் இந்த இரண்டையும்விட வேகமாக மேலே போய்ச் சேரும்.

கொங்குரைடர்:
நாலுசிலிண்டர் அண்ணா, அட்டகட்டி அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே டென்-ஆரில் முன்பாதம்தான் ஊன்றியது. புசாவில் கால் நன்றாக ஊன்றினாலும், ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது எடை தெரிந்தது. ஏப்பெக்ஸ் ப்ரோ, உண்மையைச் சொன்னால் டிராக்குக்கு நான் வருடத்தில் ஒருமுறை போனாலே அதிகம். சூடு பற்றி யாரும் சொல்லவில்லையே? இந்த இரண்டையும் தவிர வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ரேடியேட்டர்:
சூட்டைப் பற்றி நான் சொல்கிறேன். லிட்டர் (1,000 சிசி) அளவு நாலு சிலிண்டர் இன்ஜின் எதுவானாலும் நின்றால் சுடும், இது கம்பெனி சம்பந்தப்பட்டது இல்லை. 200 பிஎஸ் இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஓடும் காற்றை நம்பி இருப்பது. சிக்னலில் காற்று நின்றதும் கூலன்ட் மீட்டர் மளமளவென்று ஏறும். 100 டிகிரியைத் தொடும் சமயத்தில் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், அந்தக் காற்று நேராக உங்கள் முழங்காலுக்கும் தொடைக்கும்தான் வரும். மீட்டரில் 105 பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்ஜின் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறது. தாங்க வேண்டியது உங்கள் கால்தான். ஜீன்ஸ் பேன்ட் போதாது, தடித்த ரைடிங் பேன்ட் போடுங்கள். சிக்னலில் 60 நொடிக்கு மேல் இருந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கம்பி வலை மாட்டுவது நம் ரோட்டுக்கு அவசியம், லாரி டயர் தெறிக்கும் ஒரு கல் போதும் ரேடியேட்டரை ஓட்டை போட. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பதுக்குள் ஆபீஸ் போய்விட முடியும் என்றால் மட்டும் எடுத்துப் போங்கள்.

செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம். அது ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கும். அதற்கு மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குச் சாலை வரி 12 சதவீதம், 18 லட்சம் வண்டிக்கு அதுவே 2 லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸ் தனி. டென்-ஆருக்கு 95 ஆக்டேன் என்ற உயர்தர பெட்ரோல் வேண்டும். கோவையில் கிடைக்கும், வால்பாறையில் தேட வேண்டியிருக்கும், கீழேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். 190 அகல பின் டயர் ஒன்று இருபதாயிரத்துக்கு மேல், நம் தார் ரோட்டில் சீக்கிரமே தேயும்.

தொப்பூர்_கனவாய்:
சக்தி கைக்கு அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது), வளைவில் வேலை செய்யும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), சக்தியைத் தணிக்கும் மோட் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. அந்த மோடில் வைத்தால் சக்தி கொஞ்சம் சாந்தமாகிவிடும். நான் கவலைப்படுவது நிறுத்துவதைப் பற்றி.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிமீ வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி ஆனால் அந்த 28 மீட்டர் போய்விட்டது, அதன் பிறகு நல்ல டயரும் காய்ந்த ரோடும் இருந்தால் நிற்க இன்னும் 43 மீட்டர். மொத்தம் 71. இதே 160-இல் ஒரு நொடிக்கு 44 மீட்டர், நிற்க 110 மீட்டர். மொத்தம் 154. சேலம் தாண்டி தொப்பூர் கணவாயில் எத்தனை இடத்தில் 154 மீட்டர் தெளிவாகத் தெரிகிறது என்று அடுத்த முறை பாருங்கள். பெங்களூரிலிருந்து திரும்பும்போது அது நீண்ட இறக்கம். முன்னால் லாரி நியூட்ரலில் உருண்டு வரும், பிரேக் சூடேறிய வாசனை ஹெல்மெட்டுக்குள் வரும். அங்கே வலது லேனில் வேகமாக வரும் பைக்கை லாரிக்காரர் கண்ணாடியில் பார்க்கும் முன்பே அது பக்கத்தில் வந்துவிடுகிறது. இந்த இரண்டு பைக்கிலும் 160 என்பது 90 போலத்தான் தெரியும், அதிர்வு அவ்வளவாகத் தெரியாது, இன்ஜின் திணறும் சத்தமும் இருக்காது. என்னைக் கேட்டால் இவற்றில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

நாலுசிலிண்டர்:
வேறு ஏதாவது என்று கேட்டீர்கள். தம்பி, உங்கள் ஓட்டத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது கவாசாகியின் நின்ஜா 1100எஸ்எக்ஸ். 1,099 சிசி, 136 பிஎஸ், 113 என்எம், எடை 238 கிலோ. டென்-ஆருக்குக் கிட்டத்தட்ட சமமான டார்க், ஆனால் 7,600-இலேயே வந்துவிடும். ஹேண்டில் உயரம், பின்சீட் நிஜமான சீட், பெட்டி மாட்டலாம். 2024 டிசம்பரில் 13.49 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தது, இப்போதைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீட் மட்டும் 835 மிமீ, ஆனால் அகல ஹேண்டில் இருப்பதால் டென்-ஆரைவிடப் பிடித்து நிறுத்துவது சுலபம்.

புசாதான் சின்ன வயதிலிருந்து ஆசை என்றால் புசாவே வாங்குங்கள். நெடுஞ்சாலைக்கு அதற்கு ஈடில்லை, அந்த ஆசையும் ஒரு காரணம்தான். ஆபீஸுக்கு 650-ஐ விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். டென்-ஆர் உங்களுக்கு வேண்டாம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏப்பெக்ஸ்77:
வருஷத்துக்கு ஒரு டிராக் டே என்றால் நானும் அதையே சொல்கிறேன் ப்ரோ.

கொங்குரைடர்:
டென்-ஆரை விட்டுவிட்டேன். புசா ஆசை இருக்கிறது, ஆனால் மனைவியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டியதும் 1100எஸ்எக்ஸ் பார்க்கலாம் என்கிறார். சனிக்கிழமை இரண்டுக்கும் டெஸ்ட் ரைடு கேட்டிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நாலுசிலிண்டர்:
காலை ஏழு மணிக்கு அழைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பகல் பன்னிரண்டுக்குக் கேளுங்கள். காலி ரோட்டில் வேகம் பார்க்க வேண்டாம், அது எல்லாவற்றிலும் நன்றாகத்தான் இருக்கும். நடக்கும் வேகத்தில் வலது பக்கமும் இடது பக்கமும் யூ-டர்ன் அடியுங்கள். மனைவியை உட்கார வைத்து, ஷோரூமுக்குப் பக்கத்திலேயே மோசமான வேகத்தடை ஒன்றைத் தேடி ஏறி இறங்குங்கள். மூன்று சிக்னலாவது நிற்க வேண்டும். திரும்பி வந்து, இன்ஜின் சூடாக இருக்கும்போதே யார் உதவியும் இல்லாமல் வண்டியை பார்க்கிங்கிலிருந்து பின்னால் தள்ளி எடுத்துப் பாருங்கள். பின்சீட்டில் இருந்தவர் என்ன சொல்கிறார் என்பதை விற்பனையாளர் பேச ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.